லூப் போட்டவர் முதல் மைக் தூக்கியவர் வரை: ஒரு நன்றி மடல்

வணக்கம்.

எங்கள் ஊர்ப் பொது அரங்கில் இப்போது காது மிஷினை ‘டி’யில் வைத்தால் மேடைப் பேச்சு எதிரொலி இல்லாமல் நேரே காதுக்கு வருகிறது. இது ‘லூப்’ செய்யும் வேலை: அரங்கில் வளையமாக ஓடும் கம்பி மைக் ஒலியைக் காந்தப்புலமாக அனுப்ப, மிஷினுக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். மேடையோரம் சைகை மொழிபெயர்ப்பு நடக்கிறது. பக்கத்துத் திரையில் பேச்சு எழுத்தாக ஓடுகிறது. இதற்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதலில் மனு எழுதித் தந்த வழக்கறிஞர். ‘வசதி செய்து தர வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ‘பரிசீலிக்கப்படும்’ என்றுதான் பதில் வரும். அவர் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42, 45ஆம் பிரிவுகளைக் காட்டி, என்ன கருவி, எத்தனை அடி கம்பி என்பதுவரை ஒரே பக்கத்தில் அடக்கினார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த அந்த மனு நகர்ந்ததற்கு அதுவே காரணம்.

பெரிய நன்றி எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. 40க்கு 30 அடி அரங்கைச் சுற்றி ஒரே வளையமாக 140 அடி கம்பி ஓட்டினால் வேலை முடிந்தது என்றுதான் பலர் நினைப்பார்கள். முடியாது. தளத்துக் கான்கிரீட்டில் இருக்கும் இரும்புக் கம்பிகள் காந்தப்புலத்தை விழுங்கிவிடும். சுவரோரம் கேட்கும், நடு வரிசையில் மங்கும். அதனால் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியை எட்டு வடிவத்தில் இரண்டு வளையமாக, மொத்தம் 220 அடி ஓட்டினார். எட்டின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே ஒலி செத்துவிடும். அந்தக் கோட்டை நடைபாதையில் விழவைத்தார், அங்கே யாரும் உட்காரப் போவதில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வளையம் வரையிலான இரண்டு கம்பிகளையும் முறுக்கியே கொண்டுபோனார். முறுக்காவிட்டால் அவையே ஒரு குட்டி வளையமாகி வழியெல்லாம் இரையும்.

கம்பி போடும் முன்பே மீட்டருடன் அரங்கைச் சுற்றி வந்து, ‘உர்ர்’ என்ற இரைச்சல் மின்விசிறி ரெகுலேட்டர்களில் இருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவரும் அவரே. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களைக் கழற்றிவிட்டு ஸ்டெப் ரெகுலேட்டர் மாட்டினார். கடைசியில் உட்கார்ந்தவர் காது உயரமான 1.2 மீட்டரில், பேச்சின் உச்சத்தில் காந்தப்புலத்தின் வலிமை ஒரு மீட்டர் நீளத்துக்கு 400 மில்லி ஆம்பியர் என்ற அளவில் வருகிறதா என்று ஒவ்வொரு வரிசையாக அளந்தார்.

பலருடைய மிஷினில் டெலிகாயில் இருந்தும் அணைந்தே கிடந்தது. கணினியில் இணைத்து அதை இயக்கித் தந்த செவியியல் நிபுணருக்கு நன்றி. காதுக்குள் அடங்கிவிடும் சிறிய மிஷின்கள் பலவற்றில் டெலிகாயிலே இருக்காது. அவற்றைப் போட்டிருப்பவர்களுக்காக, லூப் ஒலியைப் பிடிக்கும் 4 ரிசீவர்களை ஹெட்ஃபோனுடன் வாங்கித் தந்த கடைக்காரருக்கும் நன்றி.

திரையில் ஓடிய எழுத்தைத் தமிழ்99 விசைப்பலகை முறையில் மாறிமாறித் தட்டச்சு செய்த இருவரை விட முடியுமா? தானியங்கி மென்பொருளை நம்பியபோது ‘பணிக்கொடை’ திரையில் ‘பனிக்குடை’ ஆனது. பேச்சாளர், ஊர், துறைப் பெயர்களை முந்தின நாளே வாங்கிச் சுருக்கெழுத்தாகப் பதிந்து வைத்துக்கொண்டதால் இவர்கள் கை பின்தங்கவில்லை.

சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒருவரே செய்தால் கையைவிட மூளை முதலில் களைக்கும். அவர்களை மறைத்த வாழைமரத்தை முகம் சுளிக்காமல் நகர்த்திய அலங்காரக்காரருக்கும், படம் காட்ட விளக்கை அணைத்தபோது அவர்கள் மேல் மட்டும் ஒரு சின்ன ஃபோகஸ் எரியவிட்ட மைக்செட் தம்பிக்கும் தனி நன்றி.

கல்லூரி மாணவர்களே, நீங்கள் செய்தது சின்ன வேலை மாதிரி தெரியும். ‘எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்’ என்று எழுந்தவர்கள் கையிலெல்லாம் ஓடிப்போய் மைக்கைத் திணித்தீர்கள். மைக்கில் போகாத சொல் லூப்பிலும் போகாது. 220 அடி கம்பியும் அந்த நேரத்தில் சும்மாதான் கிடக்கும்.

இனி அரங்கை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒன்று: மேடையின் இடப்பக்கம் ‘லூப்’ என்று எழுதிய ஸ்விட்ச், மைக்செட்டுக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். காவலர் ஐயாவிடம் ஒரு ரிசீவர் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்,
அரங்கு அணுகல் கோரிக்கைக் குழுவினர்