உன் பழைய பில்ட் கோப்பைத் திறந்துவிட்டேன்

மாப்ளே,

நீ போட்ட கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் எட்டு மாதம் கடத்திவிட்டேன். தப்புதான். பெரியவர் நலமாக இருக்கிறார், முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. சின்னவள் இப்போது நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறாள், உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மற்றதெல்லாம் நேரில். இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. நீ எழுதி வைத்துவிட்டுப் போன பில்ட் கோப்பை, நம் நிரலை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் கோப்பை, நான் திறந்துவிட்டேன். மேலோட்டமாக இல்லை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. மூன்று வாரம் அதற்குள்ளேயே குடியிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் சிஐ, நம் நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு, முழுக்கச் சிவப்பு. லினக்ஸ், விண்டோஸ், மேக் ஓஎஸ் மூன்றும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பச்சையாக இருந்தது, நடுவில் யாரும் ஒரு வரி கூட மாற்றவில்லை. (மேக் ஓஎஸ் என்று முழுசாகவே எழுதுகிறேன். "மேக்கில் உடைந்துவிட்டது" என்று எழுதி, நீ மேக் என்ற பழைய பில்ட் கருவியின் மேக்ஃபைலைப் போய்த் தோண்டிய அந்த ராத்திரி போதும்.) நீயாக இருந்தால் முதலில் என்ன கேட்பாய் என்று தெரியும், பில்ட் கோப்புறையை அழித்துப் பார்த்தாயா என்பாய். அழித்தேன், இரண்டு தடவை. அப்புறம்தான் பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தேன். சிஐ இயந்திரங்களில், நம் பில்ட் கோப்பைப் படிக்கும் கருவியான சீமேக்கின் 4.0 பதிப்பு வந்து இறங்கியிருக்கிறது. 2025 மார்ச்சில் வெளியான அந்தப் பதிப்பு, 3.5-க்கு முந்தைய காலத்துக்கென்று எழுதிய கோப்புகளை ஏற்றுக்கொள்வதையே நிறுத்திவிட்டது. நம் கோப்பின் முதல் வரி, உன் கையால் எழுதியது, குறைந்தபட்சப் பதிப்பு 2.8 என்கிறது. அதைப் பார்த்ததும் அடுத்த வரிக்கே போகாமல் நின்றுவிட்டது.

சொல்லாமல் செய்தார்கள் என்று குறை சொல்ல முடியாது. 2023-இல் வந்த 3.27 பதிப்பிலிருந்தே எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நம் லாகில் ஒவ்வொரு முறையும் இருநூறு எச்சரிக்கை ஓடுகிறது, அதில் இது ஒன்று. எந்த எச்சரிக்கை நாளைக்குப் பிழையாக மாறும் என்று யாருக்கும் தெரியாத அளவுக்கு நாம் அதை வளரவிட்டிருக்கிறோம். அதைத்தான் எனக்கு முதலில் பொறுக்க முடியவில்லை.

தற்காலிகமாகச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். குறைந்தபட்சப் பதிப்பு 3.5 என்று பாவித்துக்கொள் என்று கட்டளையிலேயே சொல்ல ஒரு மாறி கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் லினக்ஸும் விண்டோஸும் பச்சை. நம் கோப்புறைக்குள்ளேயே நகல் எடுத்து வைத்திருக்கும் அந்த இரண்டு பழைய லைப்ரரிகளும் சேர்ந்து பிழைத்தன. மேக் ஓஎஸ்ஸும் பச்சைதான். ஆனால் நிறுவிய பிறகு நிரல் எழுந்திருக்கவே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கேள், உனக்குப் பிடிக்கும். சீமேக்கில் குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்துவது வெறும் எண்ணை மாற்றுவது இல்லை, அந்த எண்ணுக்குள் வரும் கொள்கைகள், அதாவது பழைய நடத்தையா புதியதா என்று தீர்மானிக்கும் அமைப்புகள், எல்லாம் ஒரே நேரத்தில் புதிய நடத்தைக்கு மாறிவிடும். அதில் ஒன்று, 3.0-இல் வந்தது, மேக் ஓஎஸ்ஸில் பகிர்வு லைப்ரரியின் (நிரல் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் லைப்ரரி) பெயருக்கு முன்னால், அதை எங்கே தேட வேண்டும் என்று குறிக்கும் @ஆர்பாத் என்பதைத் தானாகச் சேர்க்கிறது. நீ நிறுவலுக்குப் பிறகு ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தாயே, பழைய பெயரைத் தேடிப் புதுப் பாதையை எழுதும் ஸ்கிரிப்ட், அது தேடிய பெயர் இப்போது இல்லை. பெயர் கிடைக்காவிட்டால் அந்தக் கருவி பிழை என்று சொல்வதில்லை, எதையும் மாற்றாமல் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போகிறது. பில்ட் வேலையில் எனக்கு ஆகாத ஒன்று இருக்கிறதென்றால் இதுதான். உடைந்தால் உடைந்தது என்று சொல்லிவிட்டால் அரை மணியில் முடியும் வேலை, ஒன்றும் சொல்லாததால் இரண்டு நாளைத் தின்றது.

அன்றைக்குத்தான் ஒட்டுப் போட்டது போதும், முழுசாகத் திருத்தி எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். மெசான் என்ற இன்னொரு பில்ட் கருவிக்கு மாறிவிடலாமே என்று கண்ணாடிக்காரர் கேட்டார். நல்ல கேள்விதான், மெசான் கோப்பு படிக்கச் சுத்தமாக இருக்கும், சிஸ்டம்டி மாதிரிப் பெரிய திட்டங்களே மாறியிருக்கின்றன. ஆனால் நம் லைப்ரரியை எடுத்துப் பயன்படுத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சீமேக் வழியாகத்தான் எடுக்கிறார்கள். நமக்கு வசதி என்று அவர்கள் எல்லாரையும் அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் மேக் கருவியின் டேப் விசைக் கதை திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் மேக்கை எழுதியபோது, கட்டளை வரி டேபில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டார். சில வாரத்திலேயே அது தொல்லை என்று தெரிந்தும் மாற்றவில்லை, ஏனென்றால் அதற்குள் சுமார் பன்னிரண்டு பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தார். பன்னிரண்டு பேருக்காக விட்டுவைத்த டேபை அரை நூற்றாண்டாக உலகமே தட்டிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் சீமேக்காரர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இதை நினைத்ததும் போய்விட்டது. பழசை என்றைக்காவது ஒரு நாள் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுகிறவருக்குத் திட்டு விழும், வெட்டாமல் விட்டால் நாளைக்கு வருகிற எல்லாருக்கும் சுமை.

சரி, திருத்தி எழுதிய கதைக்கு வருகிறேன். உன் காலத்துக் கோப்பில் எல்லாமே உலகளாவிய மாறிகள். இன்க்ளூட் பாதையை, அதாவது ஹெட்டர் கோப்புகள் இருக்கும் இடத்தை, மேலே ஒரு இடத்தில் சேர்த்தால் கீழே உள்ள எல்லாக் கோப்புறைக்கும் பரவும், கம்பைலருக்குக் கொடுக்கும் கொடிகளும் அப்படியே. 2.8 இருந்த நாளில் வேறு வழி பெரிதாக இல்லை, உன்னைக் குறை சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு லைப்ரரியும் ஒரு டார்கெட், தனக்கென்று அமைப்புகள் உள்ள தனி அலகு. தனக்கு மட்டும் வேண்டியதை பிரைவேட் என்று சொல்கிறது, தன்னைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் வேண்டியதை பப்ளிக் என்று சொல்கிறது. மேலே உள்ளது கீழே உள்ளதை இணைக்கிறேன் என்று ஒரே வரி எழுதினால் ஹெட்டர் பாதை, கொடி, அதற்கடுத்த லைப்ரரி எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். எழுத ஆரம்பித்த இரண்டாம் நாளே நம் நிரலின் உண்மையான அமைப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. நாம் தனித்தனி என்று நம்பிக்கொண்டிருந்த இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன! பதினோரு வருஷமாக! விஷுவல் ஸ்டுடியோவின் லிங்கர், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி, லைப்ரரிகளின் வரிசையைப் பொருட்படுத்தாததால் விண்டோஸில் தெரியவில்லை. லினக்ஸ் லிங்கர் ஸ்டாட்டிக் லைப்ரரிகளை இடமிருந்து வலமாகத்தான் படிக்கும், அதனால் அங்கே மட்டும் ஒரே லைப்ரரியை இரண்டு தடவை எழுதி வைத்திருந்தாய். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன். பொதுவான ஆறு ஃபங்ஷன்களைத் தனியே எடுத்தால் போதுமாக இருந்தது.

அப்புறம், கோப்புப் பட்டியல் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. நட்சத்திரக் குறி போட்டு எல்லாக் கோப்பையும் அள்ளிக்கொள்ளலாம் என்று நான் சண்டை போட்டேனே, புதுக் கோப்பு சேர்த்தாலும் சீமேக்குக்குத் தெரியாது என்று நீ ஒரு மணி நேரம் கத்தினாய். போன மாதம் புதிதாக வந்த பெண் ஒருத்தி அதனாலேயே அரை நாள் வீணாக்கினாள். இப்போது எல்லாக் கோப்பையும் பெயர் பெயராக எழுதிவிட்டேன். பில்ட் கட்டளைகளை வேகமாக ஓட்டும் நிஞ்சா என்ற கருவியும் வைத்தாயிற்று. எதுவும் மாறாதபோது பழைய முறையில் பதினான்கு நொடி பிடித்தது, இப்போது ஒரு நொடி கூட ஆவதில்லை. சேமித்தோம், ஓட்டினோம் என்று கை தானாகப் போகிறது. இந்தச் சுகத்தை நீ பார்க்கவில்லையே என்று இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் மேல் நிஜமாகவே கோபம். உருவாக்கப்படும் கோப்புகளுக்கான கோப்புறைக்கு "ஜி" என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்து, பக்கத்தில் "மாற்றாதே" என்று மட்டும் எழுதியிருந்தாய். யார் படித்தாலும் புரியட்டும் என்று நான் அழகாக நீளமான பெயர் வைத்தேன். மூன்று தளத்திலும் பச்சை. நான்கு நாள் கழித்து ஒரு பயனர், விண்டோஸில் ஆழமான கோப்புறையில் பிரித்துவைத்துப் பில்ட் ஓட்டியவர், கோப்பைத் திறக்க முடியவில்லை என்று எழுதினார். 260 எழுத்து வரம்பு! நம் உள்கோப்புறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போவதில் நான் கூட்டிய பதினெட்டு எழுத்து அவரை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. நீ அப்போதே இதில் அடிபட்டிருக்கிறாய், கண்டுபிடித்திருக்கிறாய், சரிசெய்திருக்கிறாய், ஆனால் காரணத்தை எழுதவில்லை. "விண்டோஸ் பாதை நீளம்" என்று மூன்று சொல் எழுதியிருந்தால் அந்த மனிதர் தப்பித்திருப்பார். இப்போது நான் எழுதிவிட்டேன், பெயரும் பழையபடி "ஜி"தான்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. இந்த மாற்றத்தை நம் குழுவில் பார்வைக்கு அனுப்பினேன். அறுநூறு வரிக்கு மேல். இருபது நிமிடத்தில் நான்கு பேர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. அதே ஆட்கள் நிரலில் ஒரு மாறியின் பெயருக்கு அரை நாள் வாதாடுவார்கள். பில்ட் கோப்பு என்றால் ஓடினால் சரி என்று விட்டுவிடுகிறார்கள்.

எக்ஸ்இசட் என்ற தரவு சுருக்கும் மென்பொருளின் விவகாரம் உனக்கு நினைவிருக்கும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் வெளியே சொன்னது. வேறொரு இயந்திரத்துக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் போய்ப் பின்கதவையே கண்டுபிடித்தார். 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்பிலும் இருந்தது. அந்தக் கதவைத் திறந்துவிட்டது நிரல் கோப்பு இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்த ஒரு பில்ட் ஸ்கிரிப்ட், நிரலைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் தேடினால் கிடைக்காது. என்னை உலுக்கியது அதை விடச் சின்ன விஷயம். அவர்களுடைய சீமேக் கோப்பில் லினக்ஸின் லேண்ட்லாக் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று ஒரு சோதனை, சின்ன நிரல் துண்டைக் கம்பைல் செய்து பார்ப்பது. அந்தத் துண்டின் நடுவே ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியால் அது எந்த இயந்திரத்திலும் கம்பைல் ஆகாது. ஆகாவிட்டால் என்ன அர்த்தம்? இந்த இயந்திரத்தில் வசதி இல்லை என்று சீமேக் முடிவுகட்டி, பாதுகாப்பை அணைத்துவிட்டு, பச்சையோடு முடித்துவிடும். ஒரு முற்றுப்புள்ளி, மாப்ளே. நம்மிடம் அதே மாதிரிச் சோதனைகள் பதினேழு இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். அதில் இரண்டு எந்தத் தளத்திலும் வெற்றி பெறாமலே கிடந்தன. யாரும் கெட்டது நினைத்துச் செய்யவில்லை, ஹெட்டரின் பெயர் மாறிப்போனதுதான் காரணம். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் கேட்கிறேன், இந்த அறுநூறு வரியை நீ படிக்க வேண்டும். நீ வேலையை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று, உன் கையில் நேரம் இல்லை என்றும் தெரியும். ஆனால் இந்த வரிகளின் காரணம் தெரிந்த இன்னொரு ஆள் இல்லை. அவசரம் இல்லை, ஒரு நாளைக்கு ஐம்பது வரி போதும். ஓடுகிறதா என்று பார்க்காதே, ஓடுகிறது. நான் எதையாவது தெரியாமல் அணைத்துவிட்டேனா என்று மட்டும் பார்.

ஒரே ஒரு வரியை நான் தொடவில்லை. சுருக்கிய தரவை விரிக்கும் கோப்புக்கு மட்டும், லினக்ஸில் ஜிசிசி கம்பைலரில் மட்டும், ஆப்டிமைசேஷனை, அதாவது கம்பைலர் நிரலை வேகமாக்கும் அளவை, ஓ1-க்குக் குறைத்திருக்கிறாய். மற்றதெல்லாம் ஓ2. காரணம் எழுதவில்லை. கமிட்டைத் தேடிப் பார்த்தேன், 2013, ராத்திரி 2.40 மணி, செய்தி "சரியாகிவிட்டது". எது? அந்த வரியை எடுத்துவிட்டு, நினைவகத் தவறு போன்றவற்றைப் பிடிக்கும் சானிடைசர் கருவிகளோடு எல்லாச் சோதனையும் ஓட்டினேன், ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் காலத்துக் கம்பைலரின் குறையாக இருந்தால் நிம்மதி, இன்றைக்கே எடுத்துவிடுவேன். நம் நிரலிலேயே ஏதோ தப்பு இருந்து அதை ஓ1 போட்டு மூடியிருந்தால் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அந்தக் கோப்பு வெளியிலிருந்து வரும் தரவை நேராகத் தொடுகிற கோப்பு.

யோசித்துப் பார். அந்த ராத்திரி பக்கத்து மேசையில் நானும் இருந்தேன் என்று நினைக்கிறேன், ஏதோ ஒரு படக்கோப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது என்று நீ சொன்ன மாதிரி ஞாபகம். அந்தக் கோப்பு உன் பழைய வட்டில் எங்காவது இருந்தால் அனுப்பு. வரும்வரை அந்த வரி அப்படியே இருக்கும், பக்கத்தில் "இவனைக் கேட்டிருக்கிறேன்" என்று உன் பெயரைப் போட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி