முதல் கிளிப்புக்கு முன்: திருகோணமலை மாவட்டச் சத்திரசிகிச்சைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்ட வைத்தியசாலைகளில் பணியாற்றும் சத்திரசிகிச்சை நிபுணர்கள், வைத்தியர்கள், தாதியர்களுக்கும் வணக்கம்.

பித்தப்பைக் கல்லுக்குக் கமரா வைத்துச் செய்தால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று நம்பித்தான் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சனம் வருகிறது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பல நாடுகளின் கணக்குகளில், இந்தச் சத்திரசிகிச்சையில் ஆயிரத்துக்கு 3 முதல் 5 பேருக்குப் பித்தக்கான், அதாவது ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் குழாய், சேதமாகியிருக்கிறது. வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் அது ஒன்றிரண்டாக இருந்தது.

இதில் கையைவிடக் கண்தான் அதிகம் ஏமாறுகிறது. பித்தப்பையின் கழுத்தை மேல்நோக்கி மட்டும் இழுத்தால் பித்தப்பைக்கானும் (பித்தப்பையிலிருந்து வரும் சிறு குழாய்) பொதுப் பித்தக்கானும் (அது போய்ச் சேரும் பெரிய குழாய்) ஒரே கோட்டில் வந்து நிற்கும். திரையில் பொதுக்கானே பித்தப்பையிலிருந்து புறப்படுவதுபோலத் தெரியும். அதை வெட்டுபவருக்கு அந்த நேரம் சந்தேகமே எழாது. அதனால்தான் பாதிக்கு மேற்பட்ட சேதங்கள் சத்திரசிகிச்சை மேசையில் பிடிபடாமல் போகின்றன.

பித்தப்பையின் நுனியை வலத் தோள் பக்கம் தள்ளிப் பிடித்து, கழுத்தை வலப்புறம் வெளியேயும் கீழேயும் இழுங்கள், பித்தப்பைக்கானுக்கும் ஈரலிலிருந்து வரும் கானுக்கும் ஈரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணம் விரியும். ஈரலின் அடியில் தெரியும் ரூவியே பள்ளத்துக்கு மேலேயே வேலை நடக்கட்டும். சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பர்க்கும் சகாக்களும் 1995இல் எழுதிய மூன்று நிபந்தனைகள் இன்றும் போதுமானவை: முக்கோணத்திலுள்ள கொழுப்பும் நாரும் முழுதாக நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பங்கு ஈரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் போவது பித்தப்பைக்கான், அதன் இரத்த நாடி என்று இரண்டே இரண்டாக இருக்க வேண்டும். முன்புறம் மட்டும் பார்த்தால் போதாது, கழுத்தைப் புரட்டிப் பின்புறமும் பாருங்கள். இரண்டு பக்கப் படத்தையும் பெட் ஹெட் டிக்கட்டில் சேருங்கள். வெட்டுமுன் கானை அடைக்கும் கிளிப்பைக் கையில் கொடுக்கும் தாதி "இரண்டுதானா?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியை யாரும் அவமதிப்பாக எடுக்கக் கூடாது.

பித்தப்பைக்கான் வழக்கமாக 2, 3 மில்லிமீற்றர் அகலம்தான். கிளிப் குறுக்கே எட்டவில்லையென்றால், அது பொதுக்கான் என்றே வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். இரத்தம் கசிந்தால் கண்மூடித்தனமாகக் கிளிப் போடவோ மின்கருவியால் சுடவோ வேண்டாம். கோஸ் வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள், பெரும்பாலும் நிற்கும்.

அழற்சியால் எல்லாம் ஒட்டிக் கிடந்தால், பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்துவிட்டுக் கழுத்துப் பகுதியை விட்டுவிடலாம். வயிற்றைத் திறப்பது மட்டும் பாதுகாப்பைத் தராது. திறந்த பிறகும் அதே கானை அதே தவறோடு வெட்ட முடியும். பகுதியாக எடுத்ததை யாரும் குறையாகப் பேச வேண்டாம். அந்த முடிவு ஒரு கானைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி விடுதி. இரண்டாம் நாளும் வயிறு வலித்து, ஊதி, காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், "காற்று அடைத்தது" என்று அனுப்பிவிடாமல் ஈரல் பரிசோதனையும் ஸ்கானும் செய்யுங்கள். வீட்டுக்குப் போனபின் கண் மஞ்சளானால் நம் வீடுகளில் முதலில் அரைப்பது கீழ்க்காய்நெல்லி. அதிலேயே ஒரு கிழமை போய்விடும். கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், வெளிறிய மலம், காய்ச்சல்: இதில் எது வந்தாலும் அன்றே வரவேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரு துண்டை நோயாளியின் கையில் கொடுங்கள்.

சேதம் தெரிந்தபின், அனுபவமில்லாத கை அங்கேயே தைக்க முயல்வதுதான் அடுத்த பெரிய கேடு. முதல் திருத்தம் சரிவராவிட்டால் அடுத்தது இன்னும் மேலே, இன்னும் குறுகிய கானில் செய்ய வேண்டிவரும். கசியும் பித்தம் வெளியே வர வடிகுழாய் (ட்ரெயின்) வையுங்கள், கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்குங்கள், ராகமவிலோ கொழும்பிலோ உள்ள ஈரல் சத்திரசிகிச்சைப் பிரிவுடன் அன்றே பேசுங்கள். வெட்டியது எங்கே, போட்ட கிளிப் எத்தனை என்பதை ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள். குடும்பத்தாரிடமும் அதையே சொல்லுங்கள்.

பணிப்பாளர் அவர்களே, அந்தப் பிரிவுகளின் தொலைபேசி இலக்கங்கள் ஒவ்வொரு சத்திரசிகிச்சைக் கூடச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். சுமார் 250 கிலோமீற்றர் நீளும் அந்தப் பயணத்துக்கு அம்புலன்சும் கூடவே போகும் தாதியும் இரவிலும் கிடைக்க உங்கள் பணிமனை ஒழுங்கு செய்து தர வேண்டும்.

இப்படிக்கு,
இத்துறையோடு நாளும் பழகுகிறவர்கள், திருகோணமலை