காலிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

சனிக்கிழமை தனியாகக் காலிக்குப் போய்வரப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். நல்லது, போய்வா. கொழும்பில் ரெயில் ஏறும்போதே வலதுபக்க யன்னலைப் பிடி, கடல் அந்தப் பக்கம்தான். கோட்டை மதிலின் மேல் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்காதே. இருட்டுமுன் திரும்பும் ரெயிலில் ஏறிவிடு.

மருமகனுக்கு அன்றைக்கு வேலையாக்கும்.

நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். எல்லாரும் பெரிய வாசலால் உள்ளே போவார்கள். அது 1873இல் வெள்ளைக்காரன் மதிலை உடைத்துத் திறந்தது. நீ துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலையும் பார். வெளிப்பக்கம் பிரித்தானிய அரச சின்னம் இருக்கும். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்துக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கம், ஒரு சேவல், 1669 என்று ரோமன் எழுத்தில். அந்த வாசலால்தான் நான் கந்தோருக்குப் போய்வந்தேன்.

பிறகு மதிலில் ஏறிக் குடாவைப் பார். ஐரோப்பாவிலிருந்து கீழைத் தேசங்களுக்குப் போன நீராவிக் கப்பல்கள் அங்கே நின்றுதான் நிலக்கரி ஏற்றின. ஆனால் குடாவுக்குள் பாறைகள், தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் உள்ளே வருவதே ஆபத்து. 1875இல் கொழும்பில் அலைதாங்கி கட்டத் தொடங்கினார்கள், கப்பலெல்லாம் மெல்ல மெல்ல அங்கே போய்விட்டது. அப்படிப் போனதால்தான் காலியின் பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின என்பது என் எண்ணம். 2004இல் கடல் வந்தபோதும் பஸ் நிலையம், மைதானம் எல்லாம் அள்ளுண்டு போக, மதிலுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள்.

கொழும்பு நூதனசாலையில் உனக்குக் காட்டிய மும்மொழிக் கல் நினைவிருக்கிறதா? சீனம், பாரசீகம், தமிழ். 1409ஆம் ஆண்டைச் சொல்லும் அந்தக் கல்லும் 1911இல் காலியில்தான் அகப்பட்டது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தேனாவரை நாயனார் என்ற கடவுளுக்கு. தமிழ் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்த்தாய், காவல்காரர் சிரித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

இப்போதும் பெருமைதான். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ தனியாக ரெயில் ஏறுகிறாய், சிங்களவரோடு அவர்கள் பாஷையில் கதைக்கிறாய். பெரியண்ணாவிடமும் சொன்னேன். காலியை நினைத்து எனக்குப் பயமில்லை, பிள்ளை. நல்ல சனங்கள்.

ஆனால் நல்லூர்த் தேருக்கும் தனியாகத்தான் வந்தாய். இரண்டு நாள்கூட நிற்கவில்லை. முன்பெல்லாம் எங்கே போனாலும் இரண்டு பேருமாக நிற்கும் படம் அனுப்புவாய். தைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மா தொலைபேசியில் கேட்டால் மழை பெய்கிறதா, மாடு கன்று போட்டதா என்று பேச்சை மாற்றுகிறாயாம். பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். சரி, விடு. சனிக்கிழமை நன்றாகச் சுற்றிப் பார். ஒல்லாந்தர் தேவாலயத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் இரு, தரையெல்லாம் கல்லறைக் கற்கள், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். கொடிப்பாறையில் நின்று சூரியன் இறங்குவதைப் பார்க்கச் சொல்வார்கள். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, ரெயிலைப் பிடி.

கொழும்பு சேர்ந்ததும் எத்தனை மணியானாலும் எனக்குக் கூப்பிடு. அம்மாவின் போனுக்கு வேண்டாம், என்னுடையதற்கு. இங்கே வரவேண்டும் போலிருந்தால் இரவு ரெயிலில் ஏறி வா, நான் நிலையத்தில் நிற்பேன். ஏன் வந்தாய் என்று நான் கேட்கமாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா