சக்கரம் மடங்கியது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உற்பத்திக்கே வராமல் போன பிரிட்டிஷ் போர் விமானங்கள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். "சக்கரத்தைக்கூட மடக்கத் தெரியாத டி.எஸ்.ஆர்-2 சோதனையிலேயே தோற்றதால் அரசு அதைக் கைகழுவியது" என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்து விழுந்திருக்கிறது. பிரிட்டன் 1960-களில் உருவாக்கிய தாக்குதல்-உளவு விமானம் அது.

சக்கரம் மடங்கியது, ஐயா. 1965 பிப்ரவரி 6-ஆம் தேதி, பத்தாவது பறப்பில்.

அதுவரை தகராறு செய்தது உண்மைதான். ஏன் என்று உங்கள் கட்டுரையாளர் இரண்டு வரி எழுதியிருந்தால் படிப்பவர்களுக்குப் பயன்பட்டிருக்கும். கரடுமுரடான தரையிலும் இறங்கி ஏற வேண்டும் என்பது விமானப்படையின் நிபந்தனை. அதனால் கால்கள் நீளம். ஒவ்வொரு முதன்மைக் காலின் அடியிலும் பெரிய டயர்கள் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக. இந்த ஜோடிச் சக்கரச் சட்டம் தனியாகத் திரும்பிக்கொண்டால்தான் கால் உடலுக்குள் அடங்கும். இறங்கும்போது மறுபடி நேராகத் திரும்ப வேண்டும். வரிசையில் ஒன்று பிசகினாலும் மற்றதெல்லாம் நின்றுவிடும். ஐந்தாவது பறப்பில் கால்கள் இறங்கின, சட்டங்கள் திரும்பவில்லை. வேண்டுமானால் குதித்துவிடுங்கள் என்றார் பைலட் ரோலண்ட் பீமான்ட். நேவிகேட்டர் டான் போவன் குதிக்கவில்லை. பீமான்ட் அதைப் பூப்போல இறக்கினார். உங்கள் கட்டுரைக்கு இது 'மடக்கத் தெரியாத' கதை!

இன்னொரு கோளாறையும் சொல்கிறேன், கட்டுரையாளர் அடுத்த முறை கேலி செய்ய உதவும். இரண்டாவது பறப்பில் எரிபொருள் பம்ப் ஒன்று அதிர்ந்தது. அந்த அதிர்வெண் மனிதக் கண்விழியின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனதால் பைலட்டுக்குப் பார்வை மங்கியது. அந்தப் பக்க என்ஜினின் வேகத்தைக் குறைத்த பிறகுதான் கருவிகள் தெரிந்தன. எந்த வரைபடப் பலகையிலும் இது தெரியாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனைப் பறப்பே. கோளாறு வெளிப்பட்டால் சோதனை வேலை செய்கிறது என்று பொருள், விமானம் தோற்றது என்றல்ல.

உண்மையான தலைவலி சக்கரமே அல்ல, அதன் ஒலிம்பஸ் என்ஜின். அது உங்கள் கட்டுரையில் பெயருக்குக்கூட இல்லை. 1962 டிசம்பரில் ஃபில்டனில், வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கடியில் மாட்டித் தரையிலேயே ஓட்டிப் பார்த்தபோது தண்டு ஒத்ததிர்வில் முறிந்து டர்பைன் தட்டு பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. வல்கன் எரிந்தது, அணைக்க நின்ற புத்தம்புதிய தீயணைப்பு வண்டியும் சேர்ந்து எரிந்தது. அந்தச் சிக்கல் முழுதாகத் தீருமுன்னே, என்ஜினுக்குக் கடும் வேகக் கட்டுப்பாடுகளோடு 1964 செப்டம்பர் 27 அன்று பாஸ்கம்ப் டவுனிலிருந்து முதல் பறப்பு. இப்படித் தொடங்கியது 1965 பிப்ரவரி 22-இல் ஒலிவேகத்தைத் தாண்டியது. ஒரே ஒரு என்ஜினின் ஆஃப்டர்பர்னரை (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டும் அமைப்பு) மட்டும் கொளுத்தியபோது, துணைக்குப் பறந்த லைட்னிங் போர் விமானம் தன் ஆஃப்டர்பர்னர் இரண்டையும் கொளுத்திக்கொண்டு துரத்த வேண்டியிருந்தது. தோற்ற விமானம் பாருங்கள்!

பறந்தது 24 முறை, மொத்தம் சுமார் 13 மணி நேரம். ஏப்ரல் 6-ஆம் தேதி நிதியமைச்சர் கேலஹன் பட்ஜெட் உரையில் ரத்தை அறிவித்தார். செலவு எகிறியதை நான் மறுக்கவில்லை. வாங்குமென்று நம்பியிருந்த ஆஸ்திரேலியாவும் 1963-லேயே அமெரிக்க எஃப்-111 பக்கம் போய்விட்டது. ஆனால் மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி பிரிட்டன் கேட்டதும் அதே எஃப்-111-தான், 50 விமானங்கள். அதையும் 1968 ஜனவரியில் ரத்து செய்தார்கள். 'செலவு தாளாமல் கைவிட்டார்கள்' என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கட்டுரை முழுக்க 'மாதிரி விமானம்' என்கிறீர்கள். பசை ஒட்டிச் சிறுவர்கள் செய்வதுதான் மாதிரி விமானம். இதற்குக் கையால் செய்த முன்மாதிரிகூடக் கிடையாது. தொடர் உற்பத்திக்கான ஜிக்குகளிலேயே (பாகங்களைப் பிடித்து வைத்துப் பொருத்தும் சட்டங்கள்) 9 விமானங்களைச் சோதனைத் தொகுதியாகக் கட்டத் தொடங்கினார்கள். ரத்தானதும் அந்த ஜிக்குகளையும் வெட்டிப்போட்டார்கள்.

உங்கள் பத்திரிகைக்கு இது முதல் தடவையும் அல்ல. சாண்டர்ஸ்-ரோ எஸ்.ஆர்.53 விபத்தில் சிக்கியதால்தான் ராக்கெட் போர் விமானத் திட்டம் நின்றது என்று முன்பொரு முறை அச்சிட்டீர்கள். பைலட் ஜான் பூத் உயிரிழந்த விபத்து 1958 ஜூனில். திட்டத்தின் கழுத்தில் கத்தி வைத்த பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸின் வெள்ளை அறிக்கை 1957 ஏப்ரலில். விளைவு வந்து ஓராண்டு கழித்துக் காரணம் வருமா? மார்ட்டின்-பேக்கர் எம்.பி.5 என்ற பிரிட்டிஷ் விமானத்தின் படத்துக்குக் கீழே அமெரிக்கப் போர் விமானமான 'மஸ்டாங்' என்று போட்டதைச் சுட்டிக்காட்டி அப்போதே எழுதினேன். பதில் இல்லை. வயிற்றுக்கடியில் ரேடியேட்டர் இருப்பதால் ஏமாந்திருப்பீர்கள், போகட்டும். மூக்கைப் பார்த்திருக்கலாமே! மஸ்டாங்குக்கு ஒரு ப்ரொப்பல்லர், நான்கு இதழ். எம்.பி.5-க்கு எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு, மூன்று மூன்றாக ஆறு இதழ். எண்ணுவதற்கு ஆறு வரைக்கும் தெரிந்தால் போதும்.

கேட்பது பெரிதல்ல. 'சோதனையிலேயே தோற்றதால்' என்ற சொற்களை நீக்கி இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கடைசிப் பத்தியில் 'இன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை' என்பதும் தவறு: எக்ஸ்.ஆர்.220 என்ற எண்ணுள்ள டி.எஸ்.ஆர்-2 காஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்திலும் எக்ஸ்.ஆர்.222 டக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்திலும் நிற்கின்றன. பறந்த ஒரே விமானமான எக்ஸ்.ஆர்.219-ஐத்தான் ஷூபரினெஸ்ஸில் சுட்டுப் பழகக் கொடுத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் இடமில்லை என்றால் அந்த மஸ்டாங் படக்குறிப்பையாவது திருத்துங்கள், நெடுநாளாகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகன்