சந்தைக்கு முன்னால் மீட்டர்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியத்துக்கு 1984-இல் தலைமையேற்ற ஃபிரெட் கிரப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மாசைக் குறைக்க, மாசு வெளியிடும் உரிமங்களை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் சந்தையே நல்ல வழி என்ற அவரது வாதத்துக்கு அமில மழைத் திட்டத்தைச் சான்றாகக் காட்டியிருந்தீர்கள். சரி, ஆனால் பெருமை முழுவதும் சந்தைக்கே போய்விட்டது. அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு மொத்த உச்சவரம்பு வைத்தது. புகைபோக்கியில் இடைவிடாமல் அளக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. கையிலுள்ள உரிமத்துக்கு மேல் வெளியிட்டால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம் என்றது. இவ்வளவும் இருந்ததால்தான் மிச்சமான உரிமத்தை வாங்க ஆள் வந்தது. செலவைக் குறைத்தது சந்தைதான். அதுவும் சின்ன விஷயமில்லை.

நான் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவன். சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று முதல் நாளே தகவல் வந்துவிடும். அன்றைக்கு மட்டும் நன்றாகக் காய்ந்த விறகு எரியும்; வழக்கமாக அடுப்பில் தள்ளும் கழிவுத் துணி மூட்டைகள் கொட்டகைக்குப் பின்னால் போய்விடும். அந்த ஒருநாள் அளவை நம்பி யார் எதை விற்பது, யார் வாங்குவது? குஜராத்தின் சூரத்தில் 2019-இல் தொடங்கிய, புகையிலுள்ள நுண்துகளுக்கான உரிமச் சந்தை போன்றவற்றை இங்கும் கொண்டுவருவதாக இருந்தால், ஒவ்வொரு புகைபோக்கியின் அளவீட்டையும் மணிக்கொரு முறை பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுவதை அரசு முதலில் கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர், ஈரோடு