சுகர் டாக்டர்களுக்கு: எங்களிடம் அந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய நீரிழிவு மருத்துவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 64 வயது. மின்வாரியத்தில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவன், கடைசிப் பன்னிரண்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தேன். தொப்பை விழுந்தது அங்கேதான், சுகர் வந்ததும் அங்கேதான். பதினான்கு வருஷமாக உங்களில் ஒருவர் முன்னால் மூன்று மாதத்துக்கொருமுறை வந்து உட்காருகிறேன். கண், பாதம், சிறுநீரகம் எல்லாம் பார்த்தாயிற்று. “ஆசை, தெம்பெல்லாம் எப்படி இருக்கு?” என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் மனைவி, கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்த டோக்கன்காரர். எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்காததை பஸ் ஸ்டாண்டு சுவர் கேட்கிறது. மாதம் இரண்டு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ‘வைத்தியரிடம்’ நானும் போனேன். அவர் கொடுத்த லேகியத்தில் பாதி வெல்லம். சுகர் ஏறியதுதான் மிச்சம்.

அடுத்து ‘ஆண்கள் பேக்கேஜ்’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய் நாலு மணிக்கு ரத்தம் கொடுத்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 238. குறைவு என்று சொல்லி, அன்றைக்கே அந்த ஹார்மோன் ஊசி போடலாம் என்றார்கள். நல்ல வேளை, உங்களில் ஒருவர் தடுத்தார். காலையில், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை எடுக்கச் சொன்னார். இரண்டுமே 300ஐ ஒட்டி வந்தன. சாப்பாடே இந்த அளவைக் கொஞ்ச நேரம் இறக்கிவிடுமாம். ஊசியைப் பற்றிப் பேசியவர்கள் அதைச் சொல்லவில்லை.

அவர் இன்னொன்றும் விளக்கினார். இந்த ஹார்மோனை ரத்தத்தில் சுமக்க ஒரு புரதம் இருக்கிறது. உடல் பருத்து இன்சுலின் மிகும்போது அந்தப் புரதம் குறைந்துவிடும். அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும், அந்தப் புரதத்தில் ஒட்டாமல் உடம்புக்குப் பயன்படும் தனி அளவு சரியாக இருக்கலாம். எடை இன்னும் கூடினால் அதுவும் இறங்குமாம். தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதோடு கொழுப்பிலிருந்து வரும் அழற்சி, மூளையிலிருந்து விரைக்குப் போகும் உத்தரவையும் மந்தமாக்குகிறது. ஹார்மோன் குறைந்தால் தசை கரைந்து தொப்பை பெருக்கும், சுகர் இன்னும் ஏறும். நான் ‘வயசாயிடுச்சு’ என்று நினைத்ததில் பாதி, என் பெல்ட்டின் கடைசி ஓட்டை.

வயது மட்டும் காரணமானால் எல்லோருக்கும் வரவேண்டும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டதில், அறிகுறியும் அளவும் சேர்ந்து குறைபாடு உறுதியானவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். சுகர்காரர்களிடமோ மூன்றில் ஒருவர் அளவுக்கு இந்த ஹார்மோன் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஊசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவில் இடுப்பு பெருத்த 1007 பேருக்கு எடைக்குறைப்புத் திட்டத்தோடு இரண்டு வருஷம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ மருந்தில்லாத வெறும் ஊசியோ போட்டுப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். முடிவில் சுகர் நோய் அளவில் இருந்தவர்கள் வெறும் ஊசிப் பக்கம் 21 சதவீதம், மருந்துப் பக்கம் 12. ஆனால் மருந்துப் பக்கம் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் அளவுக்கு மீறித் தடித்தது. இதே ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்து 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை, இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டும் கொஞ்சம் கூடின. போடும் முன் இதைச் சொல்லுங்கள். புராஸ்டேட்டையும் பாருங்கள். குறட்டை விடுகிறவரா என்றும் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் இதில் சேர்த்திதான்.

எனக்கு ஊசி தேவைப்படவில்லை. பதினொரு மாதத்தில் 9 கிலோ இறக்கினேன். இட்லி எண்ணிக்கை குறைந்தது, நடை கூடியது, தண்ணீர்க் கேன் தூக்குவது என் வேலையானது. அளவு 360ஐத் தொட்டது. அதைவிட, மத்தியானத் தூக்கம் போனது பெரிய சமாதானம்.

உங்கள் மேஜையில் ஒரு இஞ்ச் டேப் வையுங்கள். நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் எல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அளப்பவர்தான் இல்லை. அளக்கும்போதே அந்தக் கேள்வியையும் கேட்டுவிடலாம்.

அடுத்த மாதம் எனக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது. மனைவியும் வருவாள். அவள் எதிரிலேயே கேளுங்கள், வீட்டில் பேசிவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய டோக்கன்காரன்