செயலாளர் ஆண்டறிக்கை: வந்தவாசிய மேஜை மேல கொண்டு வந்த வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் சார், பொருளாளர் அண்ணா, வருஷம் பூரா ஞாயித்துக்கிழமைய குடுத்த மெம்பர்கள், இன்னிக்குத்தான் முதல் தடவையா ஆண்டுக்கூட்டத்துக்கு வந்திருக்கிற புது மெம்பர்கள் மூணு பேர், எல்லாரையும், சின்ன பொம்மைப் படைகள வெச்சு பழைய சண்டைகள மேஜை மேல ஆடற நம்ம வார்கேம் சங்கம் சார்பா வரவேற்கிறேன்.

வழக்கமான விஷயத்த சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். போன வருஷம் 14 மெம்பர், இப்ப 17. மாசக்கூட்டம் 11 நடந்துச்சு, ஒண்ணு மழையில போச்சு. வரவு செலவ பொருளாளர் அண்ணா தனியா வாசிப்பாரு. மீதி நேரத்த ஹாபி கன்வென்ஷன் பத்தி பேச எடுத்துக்கறேன், ஏன்னா நம்ம உழைப்பு முக்கால்வாசி அதுலதான் போச்சு.

ரெண்டு வருஷமா நாம என்ன பண்ணோம்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அழகா மேஜை போட்டு, சுத்தி கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’னு போர்டு வெச்சோம். வந்தவங்க போட்டோ எடுத்தாங்க, "சூப்பரா இருக்கு சார்"ன்னாங்க, பக்கத்துல ரயில் மாடல் ஓடுற ஸ்டாலுக்கு போயிட்டாங்க. பிப்ரவரி கூட்டத்துல இத நான் எடுத்துப் பேசினேன், இந்த தடவை கயிறு வேணாம், வர்றவங்க கையிலயே டைஸ குடுத்து ஆட விடுவோம்னு. ஒரு பொம்மைக்கு பெயின்ட் அடிக்க மூணு மணி நேரம் உட்கார்ந்தவங்களுக்கு அத அடுத்தவங்க கையில குடுக்க மனசு வராதுதான், அந்த கவலைய நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனா வார்கேம்னா ஆடறதுக்குத்தானே? 1824ல பிரஷ்யாவுல ரைஸ்விட்ஸ்னு ஒரு ஆபீசர் மேப்பும் ஈயக்கட்டையும் டைஸுமா ராணுவத்துக்கு கொண்டுவந்து காட்டினதும் கையில எடுத்து நகர்த்தி முடிவு எடுத்துப் பழகறதுக்காகத்தான். கடைசில ஓட்டுக்கு விட்டு, 9க்கு 5ன்னு முடிவாச்சு.

எந்த சண்டைங்கறதுல அவ்வளவு தகராறு இல்ல. வாட்டர்லூ போட்டா பெரிசா தெரியும்தான், ஆனா நம்ம ஊர்ல இருந்து பஸ்ல போய்ட்டு அன்னிக்கே திரும்பற தூரத்துல வந்தவாசி இருக்கு. 1760 ஜனவரி 22. அதுக்கு முந்தின நவம்பர்ல இங்கிலீஷ் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரங்க கிட்ட இருந்து கோட்டைய புடிச்சிட்டாரு, அத திருப்பி எடுக்க பிரெஞ்சு தளபதி லாலி வந்து முற்றுகை போடறாரு, கோட்டைய காப்பாத்த கூட் மறுபடி வர்றாரு, கோட்டைக்கு வெளிய வெட்டவெளில ரெண்டு படையும் மோதுது. இங்கிலீஷ் பக்கம் ஐரோப்பிய காலாட்படை 1,900 போல, சிப்பாய் (அவங்க படைல சேந்த நம்ம நாட்டு ஆளுங்க) 2,100. பிரெஞ்சு பக்கம் 2,250, சிப்பாய் 1,300. மேஜைக்கு இது அளவான சண்டை, ஒரு சாயங்காலத்துக்குள்ள முழுசா ஆடிடலாம். அடுத்த வருஷம் 1761 ஜனவரில பாண்டிச்சேரியே சரணடைஞ்சுது, அந்த அளவுக்கு இங்க தோத்தது பிரெஞ்சுக்காரங்கள முறிச்சிடுச்சு.

காலாட்படைல ஒரு பொம்மை 20 ஆளுக்கு சமம்னு வெச்சோம். காலாட்படை 376, குதிரை 56, மொத்தம் 432. எல்லாம் 15 மில்லிமீட்டர் மெட்டல், அதாவது கால்ல இருந்து கண்ணு வரைக்கும் அந்த உயரம். வெளிநாட்டு பார்சல் ஒண்ணு கஸ்டம்ஸ்ல ஏழு வாரம் கிடந்துச்சு, அதனால குதிரைப்படை லேட். மத்தபடி ஒவ்வொரு ஞாயிறும் ஒரே லைன்ல வேலை. ஒருத்தர் ஓரத்துல நீட்டிட்டு இருக்கிற தகட்ட அரம் போட்டு எடுப்பாரு, ஒருத்தர் பாத்திரம் தேய்க்கிற சோப்புல கழுவுவாரு (கழுவலன்னா அச்சுல இருந்து வர்ற எண்ணெய்ப் பிசுக்கு மேல பெயின்ட் நிக்காது), அப்புறம் ப்ரைமர், சட்டை கலர், தோல் கலர், பிரவுன் வாஷ் (தண்ணியா கலந்த பெயின்ட்), கடைசியா மார்புல குறுக்க போற வெள்ளை கிராஸ் பெல்ட். அந்த பெல்ட் கோடு இழுக்கிறது மட்டும் நம்ம கூட்டத்துல மூணு பேருக்குத்தான் கை வரும், அவங்க மூணு பேருக்கும் இங்கயே கைதட்டணும்னு கேட்டுக்கறேன்.

சிவப்பு சட்டை பிரச்சனைய கண்டிப்பா பதிவு பண்ணணும். லாலியோட சொந்த ரெஜிமென்ட் அயர்லாந்துக்காரங்க, பிரான்ஸுக்காக சண்டை போட்டாலும் அவங்க சட்டையும் சிவப்பு. பாதி பெயின்ட் முடிஞ்சப்புறம் மேஜைல வெச்சு பாத்தா எது எந்தப் பக்கம்னே தெரியல, புதுசா ஆட வர்றவங்களுக்கு சுத்தமா புரியாது. சட்டை கலர மாத்தலாம்னு சிலர் சொன்னாங்க, நான் ஒத்துக்கல, இருந்தது இருந்தபடிதான் இருக்கணும். கடைசில நம்ம துணைச்செயலாளர் மேடம் சொன்ன வழிதான் எடுத்தோம், பொம்மைகள ஒட்டியிருக்கிற ஸ்டாண்டோட ஓரத்துக்கு மட்டும் பிரெஞ்சுக்கு நீலம், இங்கிலீஷுக்கு கருப்பு. பின்பக்கம் ரெஜிமென்ட் பேரு தமிழ்ல. மொத்தம் 61 ஸ்டாண்டு. காலாட்படைக்கு ஸ்டாண்டுக்கு எட்டு பொம்மை, குதிரைன்னா நாலு, அடியில காந்தம். ஆடறவங்க பொம்மையோட தலைய புடிக்காம ஸ்டாண்டோட ஓரத்த புடிச்சு தூக்கற மாதிரி விளிம்பு விட்டிருந்தோம், இந்த ஒரு விஷயம்தான் பின்னாடி நம்மள காப்பாத்துச்சு.

மேஜை, ரெண்டு ப்ளைவுட் பலகை, சேத்தா 6 அடிக்கு 4 அடி. பிரெஞ்சோட இடதுபக்கம் ஒரு ஏரிக்கரை இருக்கும், கப்பல்ல இருந்து இறங்கின ஆளுங்க அங்க பீரங்கியோட பதுங்கியிருந்தாங்க. அந்த கரைய தெர்மகோல்ல செஞ்சு நேரா ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சோம், கண்ணு முன்னாடியே கரைஞ்சு குழியாயிடுச்சு. ஸ்ப்ரேல இருக்கிற கரைப்பான் தெர்மகோல தின்னுடும், அதனால முதல்ல ஃபெவிகாலும் மணலும் பூசி மூடணும், புது மெம்பர்கள் இத இப்பவே எழுதி வெச்சுக்கங்க. வயலுக்கு பழைய தேங்காய்நார் கால்மிதிய வெட்டி ஒட்டினோம். பனைமரம் 22, முறுக்கின கம்பில.

டிசம்பர்ல நடந்தது ரொம்ப கஷ்டமா போச்சு. மழை விட்ட மறுநாள், காத்துல அவ்வளவு ஈரம், டைம் இல்லன்னு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சோம். காலைல பாத்தா 96 பொம்மை மேல வெள்ளையா பனி மூடின மாதிரி படிஞ்சிருக்கு. அவசரப்படுத்தினது நான்தான், அத இங்க சொல்லிடறேன். பிரஷ்ல ஒரு கோட் கிளாஸ் வார்னிஷ் போட்டதும் வெள்ளை மறைஞ்சுது, நல்லா காஞ்சப்புறம் பிரஷ்லயே மேட் போட்டு சரி பண்ணோம், ஆனா ரெண்டு ஞாயிறு அதுலயே போச்சு. இனிமே மழைக்காலத்துல வார்னிஷ் பிரஷ்ல மட்டும்தான்னு கமிட்டி முடிவு எடுத்திருக்கு.

ரூல்ஸ ஒரே பக்கத்துக்கு சுருக்கினோம், தமிழ்ல. நகர்த்து, சுடு, கைகலப்பு, மனவுறுதி, இவ்வளவுதான். ஆறு ரவுண்டு, முக்கால் மணி நேரம், ஒரு ஆட்டத்துக்கு நாலு பேர். சண்டைல உண்மைல நடந்த ரெண்டு விஷயத்த மட்டும் விடாம சேத்தோம். ஒண்ணு, ஏரிக்கரைல பிரெஞ்சோட வெடிமருந்து வண்டி வெடிச்சு கிட்டத்தட்ட 80 பேர் விழுந்தாங்க, அந்த இடத்த புடிக்கப் போன இங்கிலீஷ் மேஜர் பிரெரட்டனும் அங்கயே செத்தாரு. அதனால அந்தக் கரைய சுடறப்ப ரெண்டு டைஸ்லயும் 6 விழுந்தா வண்டி வெடிக்கும். இன்னொண்ணு, முராரி ராவோட மராட்டா குதிரைப்படை 3,000 பேர் பிரெஞ்சுக்கு துணையா வந்துட்டு சண்டைல இறங்கவே இல்ல. அவங்கள நகர்த்தணும்னா ஒவ்வொரு ரவுண்டும் 6 போடணும்.

பொங்கல் முடிஞ்ச அடுத்த சனி ஞாயிறு கன்வென்ஷன். ரெண்டு நாள்ல ஒன்பது ஆட்டம் நடந்துச்சு, இங்கிலீஷ் 5, பிரெஞ்சு 3, ஒண்ணு டிரா. சனிக்கிழமை சாயங்கால ஆட்டத்த மட்டும் சொல்றேன். ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு லாலியா உட்கார்ந்துச்சு. உண்மைல லாலி லொரேன் ரெஜிமென்ட்ட நெருக்கமான நீட்டு வரிசையா கட்டி அயர் கூட்டோட ரெஜிமென்ட் மேல நேரா விட்டாரு, கூட்டோட ஆளுங்க லொரேன் கிட்ட வர்ற வரைக்கும் சுடாம இருந்து பக்கத்துல வந்ததும் சுட்டு உடைச்சாங்க. இந்தப் பொண்ணு லொரேன நகர்த்தவே இல்ல. நாலு ரவுண்டு பீரங்கிய மட்டும் சுட்டுட்டே இருந்துச்சு, ஒவ்வொரு ரவுண்டும் மராட்டாவுக்கு டைஸ் போட்டு பாத்துச்சு, ஒண்ணும் வரல. "இவங்க எதுக்கு அங்கிள் வந்தாங்க?"ன்னு என்னைய கேட்டுச்சு. அஞ்சாவது ரவுண்டுல 6 விழுந்துச்சு பாருங்க, சுத்தி நின்ன முப்பது பேரும் கத்தினாங்க. இங்கிலீஷோட வலதுபக்கம் அப்படியே சரிஞ்சுது. கயிறு கட்டியிருந்தா இது எதுவும் நடந்திருக்காது.

நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. "ரெண்டு பக்கமும் வெள்ளைக்காரன் பேரு, நம்ம ஆளு எங்க சார்?" நம்ம ஆளுங்க ரெண்டு பக்கமும் இருந்தாங்க, இங்கிலீஷ் பக்கம் 13 ஸ்டாண்டு, பிரெஞ்சு பக்கம் 8. ஆனா நாம லாலிக்கும் அயர் கூட்டுக்கும் கார்டு அடிச்சு வெச்சோம், சிப்பாய்க்கு வெறும் ‘சிப்பாய் 1, சிப்பாய் 2’ன்னு விட்டுட்டோம். அது எனக்கு உறுத்திட்டே இருக்கு. அடுத்த தடவை அவங்களுக்கு முழுப்பக்க கார்டு, எங்க இருந்து சேந்தாங்க, எந்த ஆயுதம், எவ்வளவு சம்பளம்னு படிச்சு எழுதணும். இதுக்கு ரெண்டு பேர் வேணும்.

ஞாயித்துக்கிழமை வந்தவாசியிலேயே பாய் நெய்யற குடும்பத்து அம்மா ஒருத்தங்க வந்திருந்தாங்க. நம்ம மேஜைல இருந்த கோட்டைய ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் நம்ம கால்மிதி வயல தடவிப் பாத்துட்டு, "இதுக்கு நார் எதுக்குப்பா, கோரை அறுத்த துண்டு குடுத்து விடறேன், அறுவடை பண்ண வயல் மாதிரியே இருக்கும்"னாங்க. போன வாரம் ஒரு கட்டு வந்து சேந்துடுச்சு, அவங்களுக்கு சங்கம் சார்பா மனசார நன்றி.

சேதாரக் கணக்கு: துப்பாக்கி முனை வளைஞ்சது 11, நிமித்தியாச்சு. கொடி ஒண்ணு கழண்டுது. குதிரை ஒண்ணு காணோம். 432ல இவ்வளவுதான், பிப்ரவரில கவலைப்பட்டவங்களே இப்ப அடுத்த வருஷமும் கயிறு வேணாம்னு சொல்றாங்க.

அடுத்த வருஷத்துக்கு கமிட்டி வைக்கிற யோசனை பொள்ளிலூர், 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கம். ஒரு பக்கம் ஹைதர் அலி, திப்பு, எதிர்ல இங்கிலீஷ் படைத்தலைவர் பெய்லி. இரும்புக் குழாய் ராக்கெட் வேற இருக்கு, பஞ்ச வெச்சு புகை காட்டலாமான்னு நம்ம தலைவர் சார் இப்பவே வரைஞ்சு பாத்துட்டு இருக்காரு. குதிரை நிறைய வேணும், அதனால பெயின்டிங் மார்ச்லயே ஆரம்பிக்கணும். வந்தவாசி மேஜை இப்ப என் வீட்டு மாடில தார்ப்பாய் போட்டு இருக்கு, மழைக்கு முன்னாடி யாராவது காஞ்ச இடம் குடுத்தா நல்லது. வர்ற ஞாயிறு காலைல பத்து மணிக்கு பொம்மை கழுவற வேலை, பழைய டூத் பிரஷ் இருந்தா எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
செயலாளர்